அல்ப்ஸ் அண்ணையின் பச்சைப் பாதை

கலியாணம் கட்டுவதற்காக ஆண்பிள்ளைகள் எதையெதையோ செய்திருக்கிறார்கள். காளை அடக்கியவர்கள் உண்டு, கல்லுத் தூக்கியவர்கள் உண்டு, கடல் தாண்டியவர்களும் உண்டு. ஆனால் ஒரு பெண்ணைக் கைப்பிடிப்பதற்காகப் பிளாஸ்டிக் மலையொன்றிலிருந்து ஞாயிறுதோறும் விழுந்து எழும்பிய மனிதர் உலக சரித்திரத்திலேயே ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் அல்ப்ஸ் அண்ணை.

எண்பதுகளின் கடைசி. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்திலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், முன்கதவு ஒழுங்காகப் பூட்டாத வீடொன்றில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான் ஒரு துணிக்கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். குணா கோலாலம்பூரிலிருந்து படிக்க வந்து அப்படியே தங்கிவிட்ட கணக்காளன். எங்கள் வீட்டில் கார் வைத்திருந்தவன் அவன் மட்டும்தான் என்பதால் அவன் என்ன பேசினாலும் பொறுத்துக்கொள்வோம். மூன்றாமவர் அண்ணை. பெற்றோல் நிலையத்தில் காசாளர். வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைமயிர் முன்பக்கத்தால் விடைபெற்றுப் போயிருந்தது. தங்கச்சிமார் எல்லோரையும் கரைசேர்த்துவிட்டுத் தனக்கென்று திரும்பிப் பார்த்தபோது காலம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

அண்ணைக்குப் பொய் ஆகாது. சிலருக்கு இறால் ஆகாததைப் போல. பொய் சொன்னால் தனக்கு உடம்பெல்லாம் கடித்துச் சொறியவேண்டிவரும் என்பார். கடைக்கு வருகிற வெள்ளைக்காரர் சாண்ட்விச்சைத் தூக்கிக் காட்டி, "இது இன்றையதா?" என்று கேட்டால், "நேற்றையது. நானென்றால் வாங்கமாட்டேன்" என்று சொல்லி முதலாளியைக் கண்கலங்க வைப்பார்.

வீட்டில் அவருடைய உண்மையின் முழு வீரியமும் தொலைபேசி அடிக்கும்போதுதான் தெரியும். "அண்ணை, என்னைக் கேட்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ" என்று கும்பிட்டால், ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சொல்லுவார்:

"அப்ப வெளியில போம்."

"அண்ணை, பனி கொட்டுது!"

"நீர் உள்ளுக்கு நிண்டால் நான் என்னெண்டு இல்லையெண்டுறது? போம், போம். கதவைச் சாத்தும்."

சாரத்தோடும் வெறுங்காலோடும் வாசலில் நின்று நடுங்குவேன். உள்ளே அண்ணை மிகுந்த நிம்மதியோடு, "தம்பி வீட்டில இல்லை, வெளியில போட்டார்" என்று சொல்லுவது கேட்கும். பொய்யை அவர் சொல்லமாட்டார். அதை உண்மையாக்கிவிட்டுத்தான் சொல்லுவார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதை முழுக்க இதற்குள்ளேதான் இருக்கிறது.

ஒரு ஐப்பசி மாதம், நோர்பரியிலிருந்து கலியாணத் தரகர் ஐயா பஸ் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணைக்கு அவர் கொண்டுவந்த முதல் இரண்டு சம்பந்தங்களும் அண்ணையின் வாயாலேயே முறிந்தவை. "மாப்பிள்ளைக்கு ஏதும் குறை உண்டோ?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டவர்களுக்கு அண்ணை விரல் மடித்து எண்ணிச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இது மூன்றாவது. பெண்ணின் பெயர் கௌரி. சுவிஸில், பனிமலை ஒன்றின் மடியில் இருந்த பெரிய ஹொட்டேலில் வேலை. தமையனோடு இருந்தாள். அதற்கு முந்தின கிழமை தரகர் ஐயா இரண்டு பேரையும் தொலைபேசியில் கதைக்க வைத்திருந்தார். அண்ணை தொண்டையைச் செருமியதிலேயே பாதி நேரம் போனது. கடைசியில் கௌரிதான் சிரித்துக்கொண்டு, "இஞ்ச ஒரே பனி. உங்கட பக்கம் வெயில் கிடந்தால் கொஞ்சம் அனுப்பிவிடுங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வசனத்தை அண்ணை ஒரு கிழமையாக, வாயில் போட்ட கற்கண்டு மாதிரி உருட்டிக்கொண்டு திரிந்தார். லண்டனில் வெயில் இல்லையென்ற உண்மையைக்கூட அவளுக்குச் சொல்லவில்லை. அதிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது, மனிதர் விழுந்துவிட்டார் என்று.

தரகர் ஐயா குடையை மடித்து, தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் சரி. தமையன் கடைசியா ஒண்டு கேட்டவர். மாப்பிள்ளைக்கு ஸ்கீ ஓடத் தெரியுமோ எண்டு. உந்தக் காலில கட்டையைக் கட்டிக்கொண்டு பனியில சறுக்கிற விளையாட்டு. நான் விடுவனோ? தெரியுமோவோ! ஞாயிற்றுக்கிழமையில மனிசனை வீட்டில பிடிக்கேலாது எண்டு போட்டன்."

அண்ணையின் கை தானாகவே போய்க் கழுத்தைச் சொறிந்தது.

"ஐயா, யாழ்ப்பாணத்தில மலையே இல்லை. கீரிமலை எண்டு பெயரில ஒண்டு கிடக்கு. அங்க போனால் கேணிதான் இருக்கு. நான் எங்க போய்ச் சறுக்கினனான்?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் எண்டு பெரியாக்கள் சும்மாவோ சொன்னவை? இது அதில ஒண்டு."

"மிச்சம் என்னென்ன?"

"அதுகளை விடும்" என்று தரகர் ஐயா தேத்தண்ணியைக் குடித்தார்.

வைகாசியில் தமையனும் தங்கையும் லண்டனுக்கு வருவதாக ஏற்பாடு. அண்ணையால் அங்கே போக முடியாது. அவருடைய பாஸ்போர்ட் அகதி விண்ணப்பத்தோடு சேர்ந்து அரசாங்க அலுமாரி ஒன்றுக்குள் நித்திரை கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இந்தச் சம்பந்தமும் முறியும். சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சொறியவேண்டும். இரண்டு நாள் அண்ணை சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எடுத்தார். மூன்றாம் நாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றார். முகம் தெளிந்திருந்தது.

"தம்பி, வைகாசிக்கு இன்னும் நாள் கிடக்கு. நான் வெளியில போறன்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. தொலைபேசிக் கணக்குத்தான்! பொய்யைச் சொன்னவர் தரகர். அது உண்மையாகும்வரை வாசலில் நின்று குளிரப்போகிறவர் அண்ணை.

ஈஸ்ட் ஹாமிலிருந்து கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால், பழைய காஸ் ஆலை ஒன்றின் கழிவைக் கொட்டிக் கொட்டியே உண்டான ஒரு மலை இருந்தது. அதன் ஒரு பக்கத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் விரித்து ஸ்கீ பழக்கினார்கள். பல் துலக்கும் பிரஷ்களைக் கோடிக்கணக்கில் நிமிர்த்தி நட்டுவைத்த மாதிரி ஒரு விரிப்பு. வழுக்குவதற்காக அதன்மேல் தண்ணீர் தூவுவார்கள். அந்தக் குப்பை மேட்டுக்கு லண்டன்காரர் குசும்பாக அல்ப்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணைக்கு நாங்கள் அதையே வைத்தோம்.

பழக்குகிறவள் ஜேன் என்ற செம்பட்டைத் தலைப் பெண். முதல் நாள், ஜேன் கட்டைகளை முன்னால் வைத்ததும் அண்ணை சட்டைப் பையிலிருந்து தேசிக்காய்களை எடுத்தார். புது வாகனம் எடுத்தால் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தானே ஓட்டுவோம்? கட்டையும் வாகனம்தானே? ஒவ்வொரு கட்டைக்கும் கீழே முன்னொன்று பின்னொன்றாகப் பக்குவமாக வைத்தார். கிழக்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாட் ஆர் தோஸ் ஃபோர்?" என்றாள் ஜேன்.

"இன்சூரன்ஸ், மேடம்" என்று சொல்லிக்கொண்டே அண்ணை ஏறினார்.

கார்ச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசியும். கட்டைக்குக் கீழே, தண்ணீர் தூவின பிளாஸ்டிக்கில், அது உருளும். இந்த ஞானம் எங்களுக்கு வருவதற்குள் அண்ணை பின்பக்கமாகப் புறப்பட்டுவிட்டார். கும்பிட்ட கை கும்பிட்டபடி, முகம் எங்களைப் பார்த்தபடி, கோயில் தேர் போகிற மாதிரி ஆடி ஆடிப் போய்ச் சிறுபிள்ளைகள் பழகும் மேட்டின் அடியில் இருந்த வேலியில் சாய்ந்தார். நாங்கள் ஓடிப்போனோம். அண்ணை மல்லாக்கக் கிடந்தபடியே பக்கத்தில் உருண்டுவந்த தேசிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேசிக்காய் நசியேல்லைத் தம்பி. நான்தான் நசிஞ்சன்."

அன்றோடு விடுவார் என்று நினைத்தோம். விடவில்லை. பெற்றோல் நிலையத்தில் கல்லாவுக்குப் பின்னால் நின்று பழகினார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவருடைய தலை மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் போவதைப் பார்த்த ஒருவர் பயந்துபோய், "ஆர் யூ ஓல்ரைட், மேட்?" என்று கேட்டாராம். "மலையிறங்குகிறேன் சேர், கொஞ்சம் பொறுங்கள்" என்றாராம் அண்ணை.

ஜேன் ஆங்கிலத்தில் சொல்லுவதை எல்லாம் வீட்டுக்கு வந்து தன்னுடைய பாஷைக்கு மாற்றித்தான் மனதில் ஏற்றுவார். முழங்காலை மடக்கு, ஆனால் உட்காராதே என்று அவள் சொன்னது, "தேங்காய் திருவ இருக்கிற மாதிரி இரு, ஆனால் இருக்காதை" என்று ஆனது. வேகத்தைக் குறைக்க இரண்டு கட்டைகளின் நுனிகளையும் உள்நோக்கித் திருப்பவேண்டும். அதற்கு அண்ணை சொன்னது: "ரெண்டு மூக்கையும் கிட்டக் கொண்டுவா, முட்ட விடாதை. மாமியும் மருமகளும் கதைக்கிற மாதிரி." இதைவிட நல்ல பாடப்புத்தகத்தை ஸ்கீ உலகம் இன்னும் எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த விரிப்பில் விழுந்தால் கைப் பெருவிரல் போய்ப் பிரஷ் இடுக்கில் மாட்டும். மார்கழியில் அண்ணையின் வலது பெருவிரல் மாட்டியது. கையில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கரண்டியால் சாப்பிடமாட்டார். இடக்கையால் சோறு தொடுவதிலும் பார்க்கப் பட்டினி கிடக்கலாம் என்றார். வேறு வழியில்லாமல் நானும் குணாவும் முறைவைத்து உருண்டை பிடித்து வாயில் கொடுத்தோம்.

"அண்ணே, ஆ காட்டுங்க. பொண்டாட்டி வர்றதுக்குள்ள நான் அம்மாவாயிடுவேன் போல லா" என்பான் குணா.

"மீன் முள்ளைப் பார்த்து எடும்" என்பார் அண்ணை, கோபமே இல்லாமல்.

அந்த நாட்களில்தான் ஜேன் அவருக்குப் பெரிய பனிமலைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அங்கே ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறமாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பச்சை, கொஞ்சம் தேறியவர்களுக்கு நீலம், கெட்டிக்காரருக்குச் சிவப்பு, உயிரில் ஆசையில்லாதவர்களுக்குக் கறுப்பு. இது அண்ணையின் மூளைக்குள் போய் வேரூன்றிவிட்டது. அதற்குப் பிறகு ஊர் உலகத்தையே நிறம் பிரிக்கத் தொடங்கினார். என்னுடைய முதலாளி நீலம். வீட்டுச் சொந்தக்காரர் சிவப்பு. குணாவின் காதலியினுடைய தாய் சந்தேகமில்லாமல் கறுப்பு: "அந்த மனிசியிட்ட நேர இறங்காதையும் குணா. வளைஞ்சு வளைஞ்சு போம்."

ஒரு நாள் வாய்க்குள் சோற்றுருண்டையோடு சொன்னார்: "பாரும் தம்பி, மலையைக் கட்டி ஆளுறவன் எல்லாருக்கும் ஒவ்வொரு பாதை வைச்சிருக்கிறான். ஏலாதவனுக்கும் ஒண்டு. எங்கட சனம் எண்டால் பிறந்த பிள்ளையையே கறுப்பால இறங்கி டொக்டரா வா எண்டெல்லோ சொல்லுது."

மாசி பிறந்ததும் பெருவிரல் சுகமானது. அண்ணைக்கு அடுத்த சந்தேகம் பிறந்தது. பிளாஸ்டிக்கில் சறுக்கினால் அது ஸ்கீயா?

"பாயில நீந்தினவனுக்கு நீச்சல் தெரியுமெண்டு சொல்லுறதே? உண்மையான பனியில ஒருக்கா இறங்கோணும்."

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை குணாவின் காரில் ஸ்கொட்லாந்துக்குப் புறப்பட்டோம். பின்சீட்டில் இடியப்பப் பெட்டி, சம்பல் போத்தல், அண்ணை. அண்ணைக்கு உள்ளே இரண்டு நீளக் காற்சட்டைகள், வெளியே ஒன்று, தலையில் குரங்குத் தொப்பி. "அண்ணே, உங்களைத் தள்ளிவிட்டாப் போதும், உருண்டே ஊருக்குப் போயிடுவீங்க" என்றான் குணா.

மலையைக் கண்டதும் மூன்று பேரும் காரைவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தோம். அவ்வளவு வெள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாத்தாமார், பாட்டிமார், கைக்குழந்தைப் பருவத்திலிருந்து போன வருடம்தான் விடுபட்ட பிள்ளைகள், எல்லோரும் அவரவர் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே போவதற்கு ஓடிக்கொண்டிருக்கும் கம்பியில் தடிகளும், தடிகளின் நுனியில் வட்டத் தட்டுகளும் தொங்கும். தட்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். அது இழுத்துக்கொண்டு போகும். ஆனால் தட்டைக் கண்டால் இருக்கத்தானே தோன்றும்? அண்ணை ஆசனத்தில் அமர்வதுபோல மரியாதையாக அமர்ந்தார். தட்டு நழுவியது. அண்ணை விழுந்தார். ஆனால் தடியை விடவில்லை. குப்புறக் கிடந்தபடியே, பனியை நெஞ்சால் உழுதுகொண்டு மேலே மேலே போனார்.

"விடுங்கோ அண்ணை! விடுங்கோ!" என்று கத்தினேன்.

"விட்டால் திரும்பவும் வரிசையில நிக்கோணும்!" என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

வரிசையில் நின்ற ஸ்கொட்லாந்துக்காரர் கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் பச்சைப் பாதையின் உச்சியில் ஒரு குரங்குத் தொப்பி தெரிந்தது. முழங்கால் மடிந்து, மூக்கும் மூக்கும் முட்டாமல், எறும்பு ஊர்கிற வேகத்தில் வந்தார். குஞ்சு குருமன் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு பறந்தன. "போ ராசா, போ. மாமா ஆறுதலா வாறன்" என்று ஒவ்வொன்றுக்கும் வழிவிட்டார். விழவில்லை. அடிவாரம் வரைக்கும் ஒரு இடத்திலும் விழவில்லை. வந்து நின்றவர் கட்டைகளைக் கழற்றிவிட்டு, அந்தக் கனத்த சப்பாத்தோடு டொக் டொக்கென்று நடந்து தேநீர்க்கடையோடு இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். நோர்பரிக்கு எடுத்தார்.

"தரகர் ஐயா, நான்தான். நீங்கள் ஐப்பசியில சொன்னது இண்டையில இருந்து பொய்யில்லை."

ஆனால் வைகாசி வர வர அண்ணைக்குத் திரும்பவும் சொறி தொடங்கியது.

கௌரியும் தமையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தமையன் சாம்பல் நிறக் கோட்டில், ஆறடி உயரத்தில், சிரிப்பைச் சுவிஸ் வங்கியில் பூட்டிவைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். கௌரி நீலச் சேலையில், எல்லாவற்றையும் பார்க்கிற, ஆனால் பார்க்காத மாதிரி இருக்கிற கண்களோடு சுவர் ஓரமாக அமர்ந்தாள். தரகர் ஐயா றோல்ஸைக் கடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் அருமை பெருமைகளைத் தொடங்கினார். "ஞாயிற்றுக்கிழமையில மனிசனை வீட்டில பிடிக்கேலாது..."

அண்ணை எழும்பினார்.

"ஒரு சொல்லு. ஐயா உங்களுக்கு அதைச் சொல்லேக்க எனக்கு ஸ்கீ தெரியாது. மலையையே கண்டதில்லை. அதுக்குப் பிறகுதான் பழகினனான். இப்பவும் பச்சையால மட்டும்தான் இறங்குவன். அதுவும் அனேகமா விழுவன். எனக்கு முன்மயிரும் இல்லை, அது உங்களுக்கே தெரியுது. இனி உங்கட விருப்பம்."

தரகர் ஐயாவுக்கு றோல்ஸ் தொண்டையில் நின்றுவிட்டது. குணா முதுகில் தட்டினான். தமையன் அண்ணையை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

"தெரியாததைத் தெரியுமெண்டு சொல்லிப்போட்டுக் கலியாணம் பேச வந்தனீங்களோ? இண்டைக்கு ஸ்கீ. நாளைக்கு என்ன?"

கோப்பையைக் கீழே வைத்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். இதுவும் முறிந்தது என்று நான் நினைத்தேன். அண்ணை முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவருடைய கை சொறியவில்லை.

"அண்ணா, இருங்கோ" என்றாள் கௌரி. "அந்த ஸ்கீக் கேள்வி என்ர கேள்வி. நான்தான் உங்களைக் கேக்கச் சொன்னனான். நான்தானே மிச்சத்தையும் கேக்கோணும்?"

அவள் அண்ணையைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் அங்க கட்டில் விரிக்கிறது, அறை துடைக்கிறது. எந்த அறையின்ர யன்னலைத் திறந்தாலும் மலைதான். சின்னப் பிள்ளையள், வயசுபோனதுகள், எல்லாம் போகுதுகள். எனக்கும் ஒருக்காப் போக ஆசை. தனியப் போனால் நாலு பேர் கதைக்கும். அண்ணாவுக்கு நேரமில்லை. வாறவருக்குத் தெரிஞ்சால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார் எண்டுதான் கேட்டனான். தெரியாமல் இருந்து எனக்காகப் பழகினவர் எண்டால், இன்னும் நல்லதெல்லோ?"

தமையன் பூட்டிய பொத்தானைத் திரும்பக் கழற்றவுமில்லை, எழும்பவுமில்லை.

"இப்ப எங்கையாவது காட்டுவீங்களோ?" என்று கேட்டாள் கௌரி.

பெண்பார்க்கும் படலம் அப்படியே இடம் மாறியது. குணாவின் காரிலும் ஒரு வாடகைக் காரிலுமாகக் குப்பை மேட்டுக்குப் போனோம். கௌரி சேலைக்கு மேலே அண்ணையின் நீளக் கோட்டையும் கீழே என்னுடைய நீளக் காற்சட்டையையும் மாட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் பழகும் மேட்டில் ஜேன் கட்டைகளைப் பூட்டிவிட வந்தாள். அப்போது கௌரி அண்ணையின் காதுக்குக் கிட்டச் சொன்னாள்:

"புது வாகனமெல்லோ? தேசிக்காய் ஒண்டும் வைக்கேல்லையோ?"

நான் குணாவைப் பார்த்தேன். குணா என்னைப் பார்த்தான். அந்தத் தேசிக்காயின் வரலாறு முழுக்கத் தெரிந்த ஒரே மாப்பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் வாங்கிவந்தார். அவளுடைய கட்டைக்கும் தன்னுடைய கட்டைக்கும் கீழே, என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே, பக்குவமாக வைத்தார்.

"ஓ நோ" என்றாள் ஜேன். "நொட் த லைம்ஸ்."

"தேங்காய் திருவ இருக்கிற மாதிரி இருங்கோ" என்று அண்ணை கௌரியின் கையைப் பிடித்தார். "ஆனால் இருக்காதேங்கோ..." என்று முடிப்பதற்குள் இரண்டு பேரும் புறப்பட்டுவிட்டார்கள். கௌரியின் சிரிப்பு மேட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேட்டது. வேலியில் போய் முட்டிக் கிடந்த இடத்திலும் நிற்கவில்லை. முதலில் சிரித்தது தரகர் ஐயா. கடைசியாக, அந்தச் சுவிஸ் வங்கியும் திறந்தது. தமையன் குந்தியிருந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"மாலை மாத்தியாச்சு லா. சாப்பாடு எப்ப?" என்றான் குணா.

அண்ணையின் பாஸ்போர்ட் அலுமாரியிலிருந்து எழும்பிவர இன்னும் காலம் எடுத்தது. வந்ததும் கௌரியிடம் சுவிஸுக்குப் போய்விட்டார். அவளுடைய ஹொட்டேல் இருந்த மலையிலேயே, பச்சைப் பாதையின் அடியில் புதியவர்களைத் தட்டில் ஏற்றிவிடுகிற வேலை கிடைத்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் வந்தாலும், "சிட் பண்ணாதே, ஸ்டாண்ட்!" என்று அவர் கத்துவதாகக் கௌரி அக்கா சொல்லுவார். எங்கள் குப்பை மேட்டை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது அதில் முள்ளுப் பற்றைதான்.

எனக்கும் முழங்கால் முன்னைப்போல் இல்லை. லண்டனில் நிலம் உறைந்து நடைபாதை கண்ணாடியாகிற காலைகளில், நான் கோட்டை மாட்டும் நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கும். "தம்பி, இண்டைக்கு உங்க லண்டனில வழுக்குமாம். நேர இறங்காதையும். பச்சையால போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணை வைத்துவிடுவார்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் வருவேன். தேங்காய் திருவ இருக்கிற மாதிரி, ஆனால் இருக்காமல், ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஆறுதலாக நடந்துபோவேன். பறந்து போகிற பிள்ளைகளுக்கெல்லாம் வழிவிட்டு.